குற்றுயிராய்க் கிடந்தவனின் மொழி

விவேக் நகரில் எங்கள் சந்தில் மாதம் ஒருமுறை அன்பியம் கூடும். பங்குக் குடும்பங்களைச் சிறு வட்டங்களாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, ஜெபம் சொல்லி, பைபிளில் ஒரு பகுதியை வாசித்துப் பேசிவிட்டு, டீ குடித்துக் கலைவது வழக்கம். அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. காவிரித் தண்ணீர் விஷயமாகத் தீர்ப்பு வந்து ஊர் புகைந்துகொண்டிருந்த வாரம் அது. தமிழ்நாட்டுக்குப் போகும் பஸ்கள் நின்றுவிட்டன. கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். நாலு குடும்பம் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவதற்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நான்தான் மறுத்தேன்.

நான் பீன்யாவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். மானிடவியலும் அதில் ஒரு பாடம். அந்தப் படிப்பு என் பைபிள் வாசிப்பையும் தொற்றிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஓர் உவமையைக் கேட்டவுடன் இதன் நீதி என்ன என்று கேட்டுத்தான் எங்களை வளர்த்தார்கள். நானோ வேறு கேள்விகளைக் கேட்கப் பழகியிருந்தேன். இந்தக் கதையை முதன்முதலில் கேட்ட அந்த ஊர் ஜனங்கள் எந்த இடத்தில் சிரித்திருப்பார்கள்? எந்த இடத்தில் மூச்சைப் பிடித்திருப்பார்கள்? அவர்களுக்கு எது மானம், எது வெட்கம், யார் சொந்தம், யார் அன்னியம்? இதெல்லாம் தெரியாமல் கதையை எடுத்தால், அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்கிற மாதிரிதான். சத்தம் வரும், விஷயம் பிடிபடாது.

அன்று நல்ல சமாரியர் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர்கள் அடித்து, உடைகளை உருவிக்கொண்டு, குற்றுயிராய்ப் போட்டுவிட்டுப் போகிறார்கள். யூதக் கோயில் குரு ஒருவர் பார்த்துவிட்டு விலகிப் போகிறார். அந்தக் கோயிலில் ஊழியம் செய்யும் லேவியர் ஒருவரும் அப்படியே. யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியன் ஒருவன் மட்டும் நின்று, காயம் கட்டி, தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான்.

"அந்தக் காலத்துல ஒரு ஆள் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டேன். "போட்டிருக்கிற உடுப்பு. பேசுற பேச்சு. இந்த ரெண்டுதான். இவனுக்கு உடுப்பும் இல்ல, நினைவும் இல்ல. அதனால இவன் எந்த ஜனம், எந்த ஊர், நம்மாளா வேத்தாளான்னு வழியில போறவனுக்குத் தெரியாது. யாருன்னே தெரியாத உடம்பு அது. மொதல்ல அதுதான் பயம்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தையற்கடைக்காரர் கேட்டார். "சமாரியர்னா யாரு வாத்தியாரே? வேற மதமா?"

"வேற மதம்னு சொல்ல முடியாதுங்க. ஒரே வேர்தான். எந்த மலையில சாமி கும்பிடணும்னு சண்டை போட்டுப் பிரிஞ்சவங்க. பக்கத்துப் பக்கத்துல இருந்துகிட்டே பரம்பரையாப் பகை."

"நம்ம தண்ணிச் சண்டை மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் என் மனைவி எழுந்து போய் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பின் நான் சொன்னது யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை. சத்திரத்துக்குள் நுழைவதுதான் அந்தச் சமாரியன் செய்ததிலேயே பெரிய ஆபத்து, ரத்தத்தோடு ஒரு யூதனைத் தூக்கிக்கொண்டு ஒரு சமாரியன் வந்தால் அடித்தவன் இவன்தான் என்று ஊர் முடிவுகட்டும், அடிபட்டவனின் சொந்தக்காரர்கள் பழிவாங்கக் கிளம்புவார்கள் என்றெல்லாம் விளக்கினேன். வகுப்பில் பலமுறை சொல்லிப் பழகிய விளக்கம், தடையில்லாமல் வந்தது. டீயைச் சீக்கிரமாகக் குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர்கூடச் சத்தமாகப் பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது, "பஸ்ல போங்களேன்" என்றாள் மனைவி. என் ஸ்கூட்டர் தமிழ்நாட்டுப் பதிவு. ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. பெங்களூருக்குத் திரும்பியபின் பதிவை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு ஆங்கில எழுத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. போக்குவரத்துப் போலீஸ் மட்டும் எப்போதாவது நிறுத்திக் கேட்பார், அவ்வளவுதான். நான் பிறந்தது பெங்களூரில். பள்ளியில் படித்தது கன்னடம். என் வகுப்பைப் பாதி கன்னடத்திலேயே நடத்துகிறேன். அந்தத் தைரியத்தில் ஸ்கூட்டரையே எடுத்தேன்.

நடுப்பகலுக்குள் நிலைமை மாறிவிட்டது. அங்கே கன்னடக்காரரை அடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ, இங்கே லாரியைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோ. மாணவர்களின் கைபேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் முனகின. கல்லூரியை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் துறையில் கூட வேலை செய்பவர், துமகூர்க்காரர், என் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், இதை இங்கயே விட்டுட்டுப் போங்க. நான் உங்களை டிராப் பண்றேன்."

அவர் வீடு எதிர்த்திசையில், நெலமங்கலம் பக்கம். என்னை விவேக் நகரில் விட்டுவிட்டு அவர் எப்படித் திரும்புவார்? வேண்டாம், சந்து சந்தாகப் போய்விடுவேன் என்றேன். ஸ்ரீராம்புரம் வரை போய்விட்டால் போதும் என்பது என் எண்ணம். அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்தான். யார் வீட்டிலாவது வண்டியை நிறுத்திவிடலாம்.

யஷ்வந்தபுரம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. சிக்னல்கள் யாருக்காகவோ பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தன. ஒரு நாளும் காலியாகப் பார்த்திராத ரோடு காலியாகக் கிடந்தால் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஒளிய இடமே இல்லாத அகலம். சற்றுத் தூரத்தில் டயர் எரியும் புகை தெரிந்தது. புகைக்குக் கீழே ஆட்கள். அவர்கள் கத்துவது காதில் விழுந்தது, வார்த்தை புரியவில்லை. இடதுபக்கம் ஒரு சந்து வந்தது. யோசிக்காமல் திருப்பினேன்.

சந்துக்குள் யாரோ வாசல் கழுவி விட்டிருந்தார்கள். சிமெண்ட் தரை முழுக்க ஈரம். சக்கரம் வழுக்கியது என்பதை நான் உணர்வதற்குள் என் முகம் ஒரு கருங்கல் படியில் மோதியிருந்தது. தலைக்கவசம் மண்டையைக் காப்பாற்றியது. அது தாடையை மூடாத ரகம்.

நினைவு தப்பவில்லை. தப்பியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். வாய் நிறைய ரத்தம். நாக்கால் தொட்டால் பல்வரிசை ஓரிடத்தில் படியாக இறங்கியிருந்தது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினால் தோள் ஒத்துழைக்கவில்லை. வண்டியின் கீழ் ஒரு கால். என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. 'அய்யோ, அம்மா' என்றுதான் அது வந்திருக்க வேண்டும், வெறும் காற்றாக வந்தது. அந்த நிலையிலும் என் மூளை ஓர் அற்பக் கணக்கைப் போட்டது. அய்யோவும் அம்மாவும் கன்னடத்திலும் அதேதான், கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கதவுகள் திறக்கும் சத்தம். கால்கள் வந்து நின்றன. தரையில் கிடப்பவனுக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். ரப்பர் செருப்புகள், ஒரு பெண்ணின் கொலுசு, பேண்டை மடித்துவிட்ட கால்கள்.

"யாரு இவரு?" என்றது ஒரு குரல்.

"குடிச்சிருக்கானா?" என்ற அர்த்தத்தில் இன்னொரு குரல் கன்னடத்தில் கேட்டது.

"காடி நோட்ரோ. தமிள்நாடு காடி."

வண்டியைப் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லவர்களாகவே இருந்திருக்கலாம், தங்கள் சந்தில் இப்படி ஒரு வண்டி விழுந்து கிடப்பதை அந்தக் கூட்டம் வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று அவர்களும் பயந்திருக்கலாம். ஆனால் கீழே கிடந்த எனக்கு அந்த மௌனத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. கன்னடத்தில் ஒரு வாக்கியம் பேசினால் போதும். நான் இந்த ஊர்க்காரன், இங்கேயே பிறந்தவன் என்று. வாக்கியம் தொண்டையில் தயாராக நின்றது. தாடை அசையவில்லை.

அப்போது ஒரு மனிதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தொந்தி, வியர்த்த முகம். கழுத்தில் மஞ்சளும் சிவப்புமாக, கன்னடக் கொடியின் நிறத்தில் துண்டு. ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் போடுகிற துண்டு. அவன் மேல் புகை நாற்றம் அடித்தது. டயர் புகை.

முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவியின் முகம் வரவில்லை, கடவுள் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்வதா திறந்து வைத்திருப்பதா என்று மட்டும் யோசித்தேன்.

அவன் குனிந்து வண்டியைத் தூக்கி என் காலை விடுவித்தான். "ஏளக்காகுத்தா சார்?" எழுந்திருக்க முடியுமா என்று கேட்கிறான். நான் பதில் சொல்லவில்லை. "மாத்தாடி சார், மாத்தாடி." பேசுங்கள், பேசுங்கள் என்கிறான். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் என் தாடையைப் பார்த்தான். கழுத்திலிருந்து அந்தத் துண்டை உருவினான். என் கழுத்தை நோக்கி அவன் இரண்டு கைகளும் துண்டோடு வந்தபோது, இறுக்கிக் கொல்லப்போகிறான் என்றே நம்பினேன். கையால் தள்ளினேன். ஒரு கைதான் அசைந்தது.

"பயபடபேடி" என்றான். பயப்படாதீர்கள்.

துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டான். பின்னால் யாரிடமோ திரும்பி வண்டியை உள்ளே தள்ளு என்று அதட்டினான். இரண்டு பேர் என் ஸ்கூட்டரை ஒரு இரும்புக் கேட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனார்கள். கொளுத்தத்தான் கொண்டுபோகிறார்கள் என்று எண்ணினேன். சந்தின் முனையில் அவனுடைய லக்கேஜ் ஆட்டோ நின்றது. பின்பக்கம் சாக்குகளை விரித்து என்னைப் படுக்க வைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

அந்தப் பயணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மேலே வானம், மின்கம்பிகள், மரக்கிளைகள். இரண்டு இடத்தில் ஆட்டோவை நிறுத்தினார்கள். ஆட்கள் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய் இருந்தது. என் முகத்தைச் சுற்றியிருந்த துண்டின் நிறத்தைப் பார்த்தான். அவன் முகம் இளகிவிட்டது.

"நம்ம ஹுடுகரிகே ஏட்டு பித்திதெ!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். நம்ம பையன்களுக்கு அடி விழுந்திருக்கிறது என்று. ஆட்டோ ஓட்டியவன் அதை மறுக்கவில்லை. "ஆஸ்பத்ரெ, ஆஸ்பத்ரெ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். தடுப்பை ஒதுக்கி வழிவிட்டார்கள். யாரோ ஒருவன் என் காலைத் தொட்டு, தைரியமாக இருங்கள் என்றான். அந்த அன்பு என்னை நடுங்க வைத்தது. அவன் அன்பு காட்டியது எனக்கில்லை. துண்டு அவிழ்ந்து நான் ஒரு சொல் பேசினால் இந்த முகம் எப்படி மாறும் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மல்லேஸ்வரம் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் எரிவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் காவலுக்கு நின்றிருந்தார். மேஜையில் இருந்த நர்ஸ் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனாயிது? யாரு ஹொடெதித்து?"

"பித்ரு மேடம். ஸ்கூட்டர் ஸ்கிட் ஆயிது." விழுந்துவிட்டார், வண்டி வழுக்கிவிட்டது என்று அவன் சொன்னான். அடித்தது யார் என்று கேட்டவருக்கு அது பதிலாகப் படவில்லை. குடும்பத்தார் வரும்வரை அவன் எங்கும் போகக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அவன் வாசலில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்விட அவனுக்கு வழி இருந்தது, பின்வாசல் திறந்தே இருந்தது. போகவில்லை.

என் பையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொடுத்தான். நான் விரல் வைத்துத் திறந்தேன். அதில் எல்லாப் பெயர்களும் தமிழில். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. திரையை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனான். மனைவி என்ற இடம் வந்ததும் நான் கண்ணை இமைத்தேன். அழைத்தான். உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னான்.

அந்தப் பக்கம் அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்பதைப் பிறகுதான் சொன்னாள். கணவனின் எண்ணிலிருந்து ஓர் அன்னியக் குரல். அதுவும் அந்த நாளில், பின்னணியில் தொலைக்காட்சியில் கத்துகிற கூட்டத்தின் இரைச்சலோடு. என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளையும் வரவழைக்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறாள். ஆனாலும் கிளம்பினாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண்மணிதான் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, "நீங்க வாயத் தொறக்காதீங்க அக்கா, யாரு கேட்டாலும் நான் பேசிக்கறேன்" என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

வழிநெடுக வாயைத் திறக்காமல்தான் வந்திருக்கிறாள். வராந்தாவுக்குள் நுழைந்து, பெஞ்சில் தாடை கட்டி, சட்டையெல்லாம் ரத்தமாக நான் கிடப்பதையும், பக்கத்தில் ஒருவன் நிற்பதையும், அவன் சட்டையில் இருந்த ரத்தத்தையும் பார்த்தாள்.

"யாருடா நீ? எங்க வீட்டுக்காரர என்னடா பண்ண? ஏண்டா அடிச்ச? தண்ணிக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம்?"

சுத்தமான தமிழில், தொண்டை கிழிய. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

தொலைக்காட்சியைப் பார்த்திருந்த அத்தனை முகங்களும் எங்கள் பக்கம் திரும்பின. அந்த முகங்களில் கோபம் இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்ற திகில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, "அக்கா, அக்கா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஒருவர் மெல்லத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலாமல் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான்.

கான்ஸ்டபிள் வந்தார். அவளை விலக்கினார். அவன் தோளில் கைவைத்துச் சுவரோடு நிறுத்தினார். பிறகு என்னிடம் குனிந்தார்.

"இவனா ஹொடெதித்து? பயப்படாம சொல்லுங்க சார். நான் இருக்கேன்." பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். சந்தில் நான் அவனைப் பார்த்த அதே பார்வை. இத்தனை நேரமும் அவனுடைய கையில் இருந்தது இப்போது என் கையில் வந்து சேர்ந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் தாடையைக் கட்டிப்போட்டவன் தலையை ஆட்டினால் ஆம் என்று தெரியுமா, இல்லை என்று தெரியுமா? வலியில் கோணலாக அசைந்து ஆமாம் போலத் தெரிந்துவிட்டால்? அசையும் கையை நீட்டினேன். அவன் புரியாமல் நின்றான். கான்ஸ்டபிள் அவனை முன்னால் தள்ளினார். அவன் மணிக்கட்டைப் பிடித்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். விடவில்லை. விட்டால் கொண்டுபோய்விடுவார்கள் என்று தோன்றியது.

கான்ஸ்டபிள் என் பிடியைப் பார்த்தார். "சரி, ஹோகோ" என்றார் அவனிடம்.

அவன் போகும்போது என் மனைவியைப் பார்க்காமல், வண்டி தங்கள் சந்தில் பத்திரமாக இருக்கிறது, யாராவது கன்னடக்காரரை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். துண்டைக் கேட்கவில்லை.

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். வாரக்கணக்கில் ராகிக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும்தான், உறிஞ்சு குழாயில். ஊரடங்கு எடுத்தபின் துமகூர்க்காரர் போய் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்களாம். நம்பர் பலகையைக் கழற்றி இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். கீறலைத் தவிர வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊர் பழையபடி ஆகிவிட்டது. நான் ஆகவில்லை. தெருவில் தம்பட்டச் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்த்தது. கல்யாண ஊர்வலமாகத்தான் இருக்கும். பேச முடியாதது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. எந்த மொழியில் பேசுவது என்று தீர்மானிக்க வேண்டியதில்லை.

அடுத்த மாத அன்பியத்தை எனக்காகவே மறுபடி எங்கள் வீட்டில் வைத்தார்கள். ஜெபம் முடிந்து, போன மாதம் பாதியில் நின்றதையே எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, மீண்டும் அதே உவமையை வாசித்தார்கள். விளக்கம் சொல்கிற நான் கம்பி கட்டிய வாயோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். கூட்டத்தில் வாய் திறந்தவளில்லை.

"சமாரியன் நல்லவன்னு நமக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "கதை கேக்குறோம், அதனால தெரியும். பைபிள்ல அந்த அடிபட்ட ஆளோட பொண்டாட்டியப் பத்தி ஒரு வரி இல்ல. அவ சத்திரத்துக்கு ஓடி வந்திருந்தா என்ன பாத்திருப்பா? புருஷன் ரத்தத்துல கெடக்குறான். பக்கத்துல எதிரி ஜாதிக்காரன் நிக்கிறான். அவன் கையிலயும் ரத்தம். என்ன பண்ணியிருப்பா? நான் பண்ணுனதத்தான் பண்ணியிருப்பா. சட்டையப் புடிச்சிருப்பா."

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவர் மட்டும் அன்னைக்கு அந்த ஆள் கையப் புடிக்கலன்னா, இந்நேரம் ஒரு மனுசன் ஜெயில்ல இருப்பான். நான் போட்ட சத்தத்துக்கு."

பழிவாங்கும் சொந்தக்காரர்கள் என்று நான் வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிவந்தேன். வாளோடும் கம்போடும் வருகிற ஆண்கள்தான் எப்போதும் என் கற்பனையில் இருந்தார்கள். பயத்தில் வெளிறிப்போய், பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிற ஒரு மனைவியை நான் கற்பனை செய்ததே இல்லை.

கம்பி அவிழ்த்தபிறகு, அவனைத் தேடிப் போகலாம் என்றவளும் அவள்தான். எனக்கு விருப்பமில்லை. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, வேலை இருக்கிறது என்றேன். அவள் அந்தத் துண்டைத் துவைத்து, கறையெல்லாம் போகாவிட்டாலும் இஸ்திரி போட்டு, மடித்துப் பையில் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பழம் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனோம்.

சந்து அப்படியே இருந்தது. அந்தக் கருங்கல் படியைக் கடக்கும்போது என் கால் தானாகத் தள்ளி நடந்தது. முனைக் கடையில் மனைவி கன்னடத்தில் கேட்டாள். லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறவர், கொஞ்சம் தொந்தி, அன்றைக்கு ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரே?

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "யாரும் இல்ல. அப்படி யாரும் இங்க இல்ல" என்றார் கன்னடத்தில். ஒரு வீட்டு வாசலில் கேட்டோம். உள்ளே இருந்தவர் கதவைப் பாதி மூடிக்கொண்டே தெரியாது என்றார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு விளங்கவில்லை. நம்பிக்கை வரட்டும் என்று மனைவி பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினாள். "இது அவரோடது. திருப்பிக் குடுக்கத்தான் வந்தோம்."

வெளியே நின்றிருந்த இரண்டு மூன்று பேரும் சட்டென்று நகர்ந்துவிட்டார்கள். ஒரு கதவு தாழிடும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலவரத்துக்குப் பிறகு போலீஸ் வீடு வீடாகப் புகுந்து ஆண்களைக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரோ இரண்டு அன்னியர்கள், நல்ல உடை, ஒருவன் முகத்தில் தழும்பு, ரத்தக்கறை படிந்த ஊர்வலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் சொந்தக்காரன் எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் நன்றி சொல்ல வந்தவர்களாக அந்தச் சந்துக்கு எப்படித் தெரிவோம்? சாட்சி சொல்ல வந்தவர்களாகத்தான் தெரிந்தோம். என்னைப் பார்த்து ஒரு தெரு முழுவதும் பயந்து நிற்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

"வா, போயிடலாம்" என்றேன்.

சந்தின் முனைக்கு வந்துவிட்டோம். பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, நைட்டி மேல் துப்பட்டா போட்டபடி வந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். மனைவி துண்டைக் கொடுத்தாள். அதை வாங்கித் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். பழப் பையை வாங்கவில்லை.

"அவனு சென்னாகிதானெ" என்றாள். அவன் நன்றாக இருக்கிறான். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ஹோகி. இன்னு பரபேடி." போங்கள், இனிமேல் வராதீர்கள்.

அவள் அவனுக்கு மனைவியா, அக்காவா, அண்டைவீட்டுக்காரியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவனைப் பிறகு நான் பார்த்ததும் இல்லை. ஆட்டோ பிடித்து ஏறினோம். மனைவி பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மல்லேஸ்வரம் தாண்டும்வரை அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனோம், யாரும் இல்லை என்று அவள் பதில் சொன்னாள்.